ஆறு பேர் டெண்டில் நாலு பேர்

மார்ச் 3

அன்புள்ள பெரியவளுக்கு,

நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. உன் அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு ஒன்றரை வருடம் கழித்து எழுதுகிறேன் என்றால் என் சுறுசுறுப்பை நீயே கணக்குப் போட்டுக்கொள். ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்தான் போன் தருகிறார்கள். அதில் ஒன்பது நிமிடத்தை உன் அப்பா சாப்பிட்டுவிடுகிறார். மிச்சமிருக்கும் ஒரு நிமிடத்தில் நான் "நல்லா இருக்கியா?" என்கிறேன், நீ "ம்" என்கிறாய், அதோடு நேரம் முடிந்துவிடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் உனக்கு நாலு நாள் விடுமுறை வருகிறதல்லவா? உன் அப்பாவுக்கும் அதே நாலு நாள் லீவு கிடைத்திருக்கிறது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு லீவு கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும். ஊரில் எங்கேயாவது ஒரு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுகொண்டேதான் இருக்கிறது. இந்தத் தடவை, "யாரு மாட்டினாலும் மாட்டட்டும், படி எதுக்கு இருக்கு?" என்று சொல்லிவிட்டார். காரில் மூன்று மணி நேரம் போனால் ஒரு ஏரி. கரையில் டெண்ட் போட இடம் தருகிறார்கள். குழாயும் கழிப்பறையும் உண்டு. மூன்று ராத்திரி தங்கலாம் என்று திட்டம்.

டெண்டும் ஸ்லீப்பிங் பேக்கும் வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. கார் சீட் கவர் தைக்கிறவளுக்குத் துணியும் ஜிப்பும் தெரியாதா என்று நினைத்திருப்பார். துணி தெரிகிறது. மற்றதுதான் தெரியவில்லை. கடைக்காரர், "பெரிய பொண்ணு எவ்ளோ உயரம்? குளிர் தாங்குவாங்களா? மல்லாந்து படுப்பாங்களா, சுருண்டு படுப்பாங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனார். சுருண்டு படுக்கிறவர்களுக்குக் கால் பக்கம் குறுகின பை ஆகாதாம். குண்டூசியைப் பற்றி யாராவது கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அவள் என் வயிற்றில் பிறந்து ஆறு வருடமாக என் மேல் காலைப் போட்டுத் தூங்குகிறவள். உன்னைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கடையில் நின்றுகொண்டு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

உன் அப்பாவைக் கேட்டேன். சமையலறைக் கதவில் இருக்கும் பென்சில் கோட்டைப் பார்த்துவிட்டு, "அஞ்சடி" என்றார். அது சரிதானா?

இன்னொரு விஷயம். டெண்ட் பையில் நாலு பேர் என்று அச்சடித்திருந்தால், தீக்குச்சி மாதிரி அடுக்கினால் நாலு பேர் என்று அர்த்தமாம். மனுஷர் மாதிரி படுத்தால் இரண்டு பேர், கூட ஒரு குழந்தை. ஆறு பேர் என்று போட்டிருப்பதில்தான் நாலு பேர் புரண்டு படுக்கலாம். ஆகவே நீ வந்தால் ஆறு பேர் டெண்ட், வராவிட்டால் நாலு பேர் டெண்ட்.

போன வருடம் இங்கே வந்து மூன்று ராத்திரி தங்கிவிட்டு, நாலாம் நாள் விடிந்ததும் பெட்டியோடு அத்தை வீட்டுக்குப் போனாய். அதன் பிறகு ஒரு விடுமுறைக்கும் இந்த வீட்டுக்கு வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உன் அப்பாவுக்குத் தெரியாது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. நீ வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று ஐந்து நிமிடமாக யோசித்தும் தெரியவில்லை.

இப்படிக்கு,
நான்தான்


மார்ச் 11

வணக்கம்.

உயரம் நூற்று அறுபத்து நாலு சென்டிமீட்டர். அப்பா பார்த்த பென்சில் கோடு நான் ஹாஸ்டலுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் போட்டது. போட்டதே அவர்தான். அதற்கு அப்புறம் இரண்டு வருடம் ஓடிவிட்டது என்று அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

குளிர் தாங்குவேன். எப்படிப் படுப்பேன் என்று எனக்குத் தெரியாது. தூங்கும்போது நான் என்னைப் பார்த்ததில்லை.

மே விடுமுறைக்கு வருகிறேன் என்று அத்தையிடம் முன்பே சொல்லியாகிவிட்டது. அங்கே எனக்குத் தனி அறை இருக்கிறது. அதனால் நாலு பேர் டெண்டே உங்களுக்குப் போதும்.

குண்டூசிக்கு ராத்திரியில் தண்ணீர் தாகம் எடுக்கும். மூடி இறுக்கமாக இருக்கிற பாட்டிலாகப் பார்த்துப் பக்கத்தில் வையுங்கள். போன வருடம் மூன்று ராத்திரியும் என்னைத்தான் வந்து எழுப்பினாள்.


மார்ச் 19

அன்புள்ள பெரியவளுக்கு,

என் மகள் ராத்திரியில் தண்ணீருக்கு உன்னை எழுப்பினாள் என்பது நீ எழுதும் வரை எனக்குத் தெரியாது. பார், உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. பாட்டில் வாங்கிவிட்டேன்.

உன் கடிதம் வருவதற்குள் இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது. உன் அப்பா என்னிடம் சொல்லாமல் கடைக்குப் போய் உனக்கு ஒரு ஸ்லீப்பிங் பேக் வாங்கிவிட்டார். ஊதா நிறம். "அவளுக்கு ஊதான்னா உயிரு" என்றார். நூற்று ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் வரை உள்ள சிறுவர்களுக்கான பை. அதை ஸ்பானர் பெட்டிக்குள் திணித்து வைத்திருந்தார், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக. நான் கண்டுபிடித்து வெளியே எடுத்ததும் என்ன செய்தேன் தெரியுமா? லேபிளை வெட்டிவிட்டேன். எங்கள் பட்டறையில் புதுத்துணி வந்தால் முதல் வேலை அதுதான், கை தானாகப் போய்விட்டது. லேபிள் இல்லாத சரக்கைக் கடையில் திருப்பி எடுக்கமாட்டார்களாம். இப்போது அதில் குண்டூசி தூங்குகிறாள். காலையில் அதற்குள் நின்றபடியே குதித்துக் குதித்துப் பல் தேய்க்கப் போகிறாள்.

உன் கடிதத்தை உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பென்சில் கோடு பற்றி எழுதியிருந்தாயே, அதைக் கேட்டதும் எழுந்து சமையலறைக்குப் போனார். கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து, "நூத்தி அறுபத்தி நாலா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவருக்கு உறைத்தது என்பது உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மறுநாள் மூன்று பேரும் கடைக்குப் போனோம். நாலு பேர் டெண்ட் ஒன்றையும் ஆறு பேர் டெண்ட் ஒன்றையும் அங்கேயே விரித்து நிறுத்தி வைத்திருந்தார்கள். "நின்னு பாத்தா என்ன தெரியும், படுத்தாத்தான் தெரியும்" என்று உன் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஆறு பேர் டெண்டுக்குள் போய்ப் படுத்துவிட்டார். நாங்களும் படுத்தோம். நாலாவது இடம் காலியாக இருந்தது. உன் அப்பா தலையை வெளியே நீட்டி, "சார், உங்க உயரம் என்ன?" என்று விற்பனையாளரைக் கேட்டார்.

"நூத்தி அறுபத்தஞ்சு இருக்கும் சார்."

"ரொம்ப சரி. வந்து படுங்க."

பாவம், அவர் டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு வந்து ஓரமாகப் படுத்தார். உன் அப்பா, "இன்னும் கொஞ்சம் இடம் விடணும், அவ தூக்கத்துல உதைப்பா" என்றார். அந்த மனுஷர் ரொம்ப மரியாதையாக, "நான் உதைக்கணுமா சார்?" என்று கேட்டார். குண்டூசி சிரித்த சிரிப்பில் டெண்டே ஆடியது. வெளியே வேறு ஒரு குடும்பம் எட்டிப் பார்த்துவிட்டு, ஆள் இருக்கிறது என்று திரையை மூடிவிட்டுப் போனது.

ஆறு பேர் டெண்டை வாங்கிவிட்டோம். நீ வரமாட்டேன் என்று எழுதிய பிறகும் வாங்கியது தப்புதான். விற்பனையாளர் படுத்திருந்த இடத்தைப் பார்த்த பிறகு அந்த இடம் இல்லாத டெண்டை வாங்க எங்கள் இரண்டு பேருக்குமே மனம் வரவில்லை. நீ வராவிட்டால் அங்கே பைகளை வைத்துக்கொள்கிறோம். கோபித்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
நான்தான்


மார்ச் 28

வணக்கம்.

கடிதத்தைப் படிப்பு நேரத்தில் பிரித்தது என் தப்பு. சிரித்ததற்கு மேற்பார்வை டீச்சர் என்னைப் பத்து நிமிடம் வெளியே நிறுத்திவிட்டார். விற்பனையாளர் உதைத்தாரா இல்லையா என்று நீங்கள் எழுதவே இல்லை.

நான் இப்போது உதைப்பதில்லை. ஊதாவும் எனக்குப் பிடிப்பதில்லை, ஆனால் அதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

அத்தையிடம் பேசினேன். போய்விட்டு வா என்று சொல்லிவிட்டார். வரலாம் என்று நினைக்கிறேன். ஆனால் நான் டெண்டுக்குள் படுக்கமாட்டேன். காரில் பின் சீட்டில் படுத்துக்கொள்கிறேன். இதற்கு ஒப்புக்கொண்டால் வருகிறேன், இல்லாவிட்டால் அத்தை வீடு. காரணம் கேட்காதீர்கள். அப்பா கேட்டால் எனக்கு முதுகுவலி என்று சொல்லிவிடுங்கள்.


ஏப்ரல் 5

அன்புள்ள பெரியவளுக்கு,

அவர் உதைக்கவில்லை. கூச்ச சுபாவம் போலிருக்கிறது.

நம் காரின் பின் சீட்டு, கதவிலிருந்து கதவு வரை நூற்று முப்பத்து இரண்டு சென்டிமீட்டர். அளந்து பார்த்து எழுதவில்லை. அதற்குக் கவர் தைத்தவளே நான்தான். நீ நூற்று அறுபத்து நாலு. மிச்சம் முப்பத்து இரண்டு சென்டிமீட்டர் உன் காலை எங்கே வைப்பாய்? நடுவில் பெல்ட் கொக்கி வேறு இடுப்பில் குத்தும். கண்ணாடியை மூடினால் மூச்சு முட்டும், திறந்தால் கொசு பிய்த்துவிடும். முதுகுவலிக்காரி ஒருத்தி மெத்தையை விட்டுவிட்டுக் கார் சீட்டில் படுக்கிறாள் என்று சொன்னால் உன் அப்பாகூட நம்பமாட்டார்.

காரணம் கேட்காதீர்கள் என்றாய். கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். முதல் கடிதத்தில் எழுதத் தைரியம் வராததும் இதுதான்.

போன வருடம் மூன்றாம் ராத்திரி உன் அறையிலிருந்து "அம்மா" என்று சத்தம் கேட்டது. குண்டூசிதான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து எழுந்து வந்தேன் என்று உன்னிடம் சொல்ல ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். இத்தனை நாள் அதை எனக்கே சொல்லிக்கொண்டும் இருந்தேன். உண்மை என்னவென்றால் குண்டூசி என் பக்கத்தில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். உன் குரல் என்று தெரிந்தேதான் வந்தேன். வரலாமா கூடாதா என்று யோசிக்கவில்லை, கால் போய்விட்டது. உன் நெற்றியில் கை வைத்தேன். நீ விழித்துப் பார்த்தாய். என் கையைத் தட்டிவிட்டு, "உங்கள யாரு கூப்பிட்டா?" என்று கேட்டாய்.

கேட்டது நியாயம்தான். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஒரு வருடமாக அந்தக் கேள்வி என்னோடுதான் குடித்தனம் நடத்துகிறது. தையல் மெஷினில் உட்கார்ந்தால் எதிரில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அழைக்காத வீட்டுக்குள் நுழைந்தவள் நான்தான். என்னை மன்னித்துவிடு.

நீ காரில் படுக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம் என்றால், அந்தக் காரணத்தை நான் எடுத்துவிடுகிறேன். நீ டெண்டுக்குள் படு. நீ கூப்பிட்டாலும் நான் வரமாட்டேன். இன்னொருவர் பெயருக்கு வந்த கடிதத்தை நான் பிரிக்கமாட்டேன்.

இதுதான் காரணமா இல்லையா என்று நீ எழுதக்கூட வேண்டாம். சரி என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
நான்தான்


ஏப்ரல் 14

வணக்கம்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தாகிவிட்டது. இது நாலாவது. இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

அதுதான் காரணம்.

நான் கூப்பிடுவது எனக்குத் தெரியாது. கூட இருக்கும் பெண்கள் சொல்லித்தான் தெரியும். மாதத்தில் இரண்டு தடவை, சில மாதம் மூன்று தடவை. முதலில் கேலி செய்தார்கள். இப்போது பழகிவிட்டது. ஒருத்தி தலையணையை என் மேல் வீசுவாளாம், நான் நிறுத்திவிடுவேனாம். அம்மா போய் நாலு வருடம் ஆகிறது. பகலில் நான் அவ்வளவாக நினைப்பதுகூட இல்லை. அதுவே எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. ராத்திரியில் மட்டும் ஏன் இப்படி என்று புரியவில்லை.

அத்தை வீட்டில் அறைக்குக் கதவு இருக்கிறது. அத்தைக்குக் காதும் கொஞ்சம் மந்தம். நான் அங்கே போவது அதற்காகத்தான். அத்தை மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். பிரியம்தான், ஆனால் கொள்ளை என்று சொல்ல முடியாது.

டெண்டில் சுவரே கிடையாது. அப்பாவுக்குக் கேட்டுவிடும். அவருக்குக் கேட்கக் கூடாது. அவர் இப்போதுதான் பழையபடி சிரிக்க ஆரம்பித்திருக்கிறார். விற்பனையாளரை இழுத்துப் படுக்க வைத்தார் என்று எழுதியிருந்தீர்களே, அம்மா இருந்தபோது இருந்த அப்பா அப்படித்தான். அவரை நான் கெடுக்க விரும்பவில்லை.

நீங்கள் உண்மையைச் சொன்னதால் நானும் ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு நெற்றியில் கை பட்டதும்தான் எனக்கு விழிப்பு வந்தது. ஒரே இருட்டு. ஆளைத் தெரியவில்லை, கை மட்டும் இருந்தது. ஒரு நொடி நான் நம்பிவிட்டேன். அப்புறம்தான் அது உங்கள் கை என்று தெரிந்தது. எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. நம்பிவிட்டேனே என்றுதான் கோபம் வந்தது. பக்கத்தில் இருந்தது நீங்கள், அதனால் உங்கள் மேல் விழுந்தது. மறுநாள் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் கிளம்பிப் போனேன்.

வருகிறேன். டெண்டிலேயே படுக்கிறேன். அப்பா என்னிடமிருந்து தூரமாகப் படுக்க வேண்டும். குண்டூசி என் பக்கத்தில் படுக்கலாம். நான் கூப்பிட்டால் நீங்கள் வரக் கூடாது. கேட்டது போலக் காலையிலும் காட்டிக்கொள்ளக் கூடாது.

பச்சைக் கலர் பிடிக்கும்.


ஏப்ரல் 22

அன்புள்ள பெரியவளுக்கு,

நீ கேட்ட எல்லாவற்றுக்கும் சரி.

நேற்றே கடைக்குப் போனேன். பழைய விற்பனையாளர் என்னைப் பார்த்ததும் டையைக் கையால் பொத்திக்கொண்டார். உனக்குக் கரும்பச்சையில் ஒரு ஸ்லீப்பிங் பேக் எடுத்திருக்கிறேன். ஆறடி ஆள் வரை படுக்கலாம். இன்னும் வளர்ந்தாலும் கவலை இல்லை. கால் பக்கம் குறுகாத, நீள்சதுரப் பை. சுருண்டாலும் சரி, உதைத்தாலும் சரி. (உதைப்பதில்லை என்று எழுதினாய். உன்னைத்தான் நீ பார்த்ததில்லையே.) பையில் இரண்டு டிகிரி போட்டிருப்பார்கள், ஒன்று சுகமாகத் தூங்குவதற்கு, இன்னொன்று உயிர் போகாமல் இருப்பதற்கு. விளம்பரத்தில் இரண்டாவதைத்தான் பெரிதாகப் போடுவார்களாம். நான் முதலாவதைப் பார்த்து வாங்கினேன். காரில்தானே போகிறோம், கனமாக இருந்தால் என்ன. லேபிளை வெட்டவில்லை. பை வீட்டுக்குள் வருவதற்கு முன்னாலேயே கத்தரிக்கோலை எடுத்து ஒளித்து வைக்கும்படி உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இப்போது அவருக்கே எங்கே வைத்தார் என்று ஞாபகமில்லை.

டெண்டுக்கு நடுவில் ஜிப் வைத்த திரை ஒன்று வருகிறது. அதை மாட்டினால் இரண்டு அறை. ஒரு பக்கம் நீயும் குண்டூசியும், மறுபக்கம் நாங்கள். உன் அப்பாவை அந்தக் கடைசி மூலையில் தள்ளிவிடுகிறேன். அவர் நாள் முழுக்க மோட்டார் ரூமில் நிற்கிறவர், தூங்க ஆரம்பித்தால் இடி விழுந்தாலும் எழமாட்டார். அவர் விடுகிற குறட்டையில் எந்தச் சத்தமும் தப்பிப் பிழைக்க முடியாது. அந்தக் கவலையை விட்டுவிடு.

கையைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். படித்த பிறகு ஒரு சீட் கவரை உள்ளும் புறமும் மாற்றித் தைத்துவிட்டேன். பிரித்து மறுபடி தைக்க ராத்திரி எட்டு மணி ஆயிற்று.

வராமல் இருப்பது எனக்குச் சுலபம் இல்லை. இருந்தாலும் வரமாட்டேன்.

இப்படிக்கு,
நான்தான்


மே 17

அன்புள்ள பெரியவளுக்கு,

உன்னை ஹாஸ்டல் வாசலில் இறக்கிவிட்டு வந்து ஐந்து நாள் ஆகிறது. காரிலிருந்து இன்னும் மணல் வந்துகொண்டே இருக்கிறது. நான்கு முளைக்குச்சி வளைந்துவிட்டது, ஒன்றைக் காணவில்லை. டெண்டை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்று மொட்டை மாடியில் விரித்துக் காயவைத்தோம். கீழ்வீட்டுக்காரர் வந்து, "குடி வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். டெண்டைக் கட்டிப் பார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அதுவும் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கோடு. நீ அவரைத் திட்டிக்கொண்டே தூக்குக்குண்டைப் பிடித்துக்கொண்டு நின்றதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. "கம்பம் நேரா நிக்கணும், ஒரு நூல் சாயக் கூடாது!" என்று முக்கால் மணி நேரம் கம்பத்தைப் பார்த்தார், தரையைப் பார்க்கவில்லை. கம்பமெல்லாம் நெட்டுக்குத்தாக நின்றது, தரை மட்டும் சரிவு. முதல் ராத்திரி நாலு பேரும் உருண்டு உருண்டு திரையையும் தள்ளிக்கொண்டு ஒரே ஓரத்தில் குவியலாகக் கிடந்தோம். மறுநாள் டெண்டைப் பிரித்து மேட்டில் போட வேண்டும் என்று நீ சொன்னபோது எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டாரே, அந்த மனுஷர் என் பேச்சை ஒரு நாளாவது அப்படிக் கேட்டிருக்கிறாரா?

நீ தண்ணீருக்குள் கிடந்த கல்லைத் தூக்கிக் காட்டியதையே குண்டூசி தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் கல் கொஞ்சம் பெரிதாகிறது. நேற்று அது நம் கார் அளவுக்கு வந்துவிட்டது. அக்கா எப்போது வருவாள் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறேன்.

மூன்று ராத்திரியும் எல்லோரும் நன்றாகத் தூங்கினோம். அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

உன் பச்சைப் பையைத் துவைத்துக் காயவைத்து மடித்திருக்கிறேன். ஜூலையில் உனக்குப் பெரிய விடுமுறை வருகிறதல்லவா? அத்தை வீட்டுக்குப் போவதாக இருந்தால் அங்கே அனுப்பிவைக்கட்டுமா? உன் பொருள், நீ சொல்லும் இடத்தில் இருக்க வேண்டும். எதுவானாலும் எழுது.

இப்படிக்கு,
நான்தான்


மே 26

வணக்கம்.

மூன்று ராத்திரியும் எல்லோரும் நன்றாகத் தூங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தூங்கவில்லை.

இரண்டாம் ராத்திரி நான் கூப்பிட்டேன். என் சத்தத்தில் நானே விழித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. கன்னமெல்லாம் ஈரம். அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். குண்டூசி என் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கழிப்பறைப் பக்கம் எரிந்த விளக்கின் வெளிச்சம் டெண்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது அல்லவா? அந்த வெளிச்சத்தில் உங்கள் நிழல் நடுத்திரையில் தெரிந்தது. நீங்கள் எழுந்து உட்கார்ந்திருந்தீர்கள். ஜிப் கொஞ்சம் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு விரல் அளவுதான் இருக்கும். அதோடு நின்றுவிட்டது.

நான் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தேன். நீங்கள் அந்த ஜிப்பைப் பிடித்த கையை எடுக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தீர்கள். கை வலித்திருக்கும். நான் மறுபடி தூங்கிப் போகும் வரைக்கும் நிழல் திரையில் இருந்தது.

காலையில் நான் வெளியே வந்தபோது நீங்கள் அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தீர்கள். "எத்தன முட்ட?" என்று மட்டும் கேட்டீர்கள். உங்கள் கண் சிவந்திருந்தது. புகை என்று அப்பாவிடம் சொன்னீர்கள். கேஸ் அடுப்பில் ஏது புகை? அப்பா நம்பிவிட்டார். நீங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டீர்கள். வரக் கூடாது என்று கேட்டதும் நான்தான். ஆனால் நீங்கள் வராதது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அங்கேயே சொல்லியிருக்கலாம். இன்னும் இரண்டு நாள் பக்கத்தில்தான் இருந்தீர்கள். வாய் வரவில்லை.

பச்சைப் பையை எங்கேயும் அனுப்ப வேண்டாம். ஜூலையில் வீட்டுக்கு வருகிறேன். அத்தைக்கு எழுதிவிட்டேன். குண்டூசியிடம் சொல்லுங்கள்.

அம்மாவைக் கூப்பிடுவதை என்னால் நிறுத்த முடியாது. நிறுத்தவும் எனக்கு மனம் இல்லை. ஆனால் அடுத்த தடவை நான் கூப்பிட்டால் வந்துவிடுங்கள். கூப்பிட்டது உங்களை இல்லையென்றாலும் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பெரியவள்